எட்டு நொடி

தாமதத்தை எழுதியவன் நான்.
ஒரே ஒரு வரி:
விசை அழுந்தியதும் இத்தனை நொடி
சும்மா இரு.
கணினிக்கு அது சுலபம்,
சும்மா இருப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை.

ஔலு நகரம். டிசம்பர்.
காலை பத்து மணிக்கும் தெருவிளக்கு அணையவில்லை.
கண்ணாடிக்கு இந்தப்புறம்
நானும் டாக்டர் டெல்லர்வோவும்
ஆறிப்போன காப்பியும்.
அந்தப்புறம் ஐலா கெம்ப்பைனன்,
ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு பதிகிறவர்,
விடுப்பு நாளில் முந்நூறு மார்க்குக்காக வந்தவர்.
இடக்கை விரல் இரண்டில் ஒயர்,
நெஞ்சில் மூன்று, நெற்றியில் ஒன்று.
"நட்சத்திரம்தான் பாக்கி, கிறிஸ்துமஸ் மரம் தயார்"
என்று தானே சிரித்துக்கொண்டார்.

முதல் மணிநேரம் இரண்டு நொடி.
அவர் கவனிக்கக்கூட இல்லை.
கெமிக்கு ஒரு சீட்டு, தம்பெரேவுக்கு இரண்டு,
நாயோடு பயணம் போகும் ஒருவருக்கு
ஜன்னலோரம்.
எல்லாம் பொய்ப் பயணிகள்,
பெயர்கள் நான் போட்டவை.

பிறகு எட்டு.

முதலில் மூச்சு.
விரல் விசையைத் தொட்டதும் நின்றது,
திரையில் எழுத்து வந்த பிறகே வெளியே வந்தது.
மூச்சைப் பிடி என்று யாரும் சொல்லவில்லை.
அடுத்து தோள்.
காதை நோக்கி ஒரு விரற்கடை ஏறி
இறங்க மறந்து அங்கேயே தங்கிவிட்டது.
உள்ளங்கை ஈரத்தை அவர் பாவாடையில் துடைத்தார்,
தாளில் ஓடும் முள்ளுக்கு அது முன்பே தெரியும்.

எட்டு நொடியில் யாரும் நொடிந்துபோவதில்லை.
உண்மைதான்.
ஆனால் ஒரு பிழைக்கு அபராதம் எட்டு நொடி என்றானதும்
ஒவ்வோர் எழுத்தையும் இருமுறை பார்த்தார்,
அழுத்துமுன் ஒருமுறை எச்சில் விழுங்கினார்.
பிழைகள் பாதியாயின.
"நிர்வாகத்துக்கு இது பிடிக்கும்" என்று
குறித்துக்கொண்டார் டெல்லர்வோ.

மூன்றாம் மணிநேரத்துக்கு அளவில்லை.
ஒன்று. பதினொன்று. மூன்று. ஒன்பது. ஒன்று.
எட்டுக்காவது உடம்பு பழகியிருந்தது,
மாடிப்படியின் உயரத்துக்குக் கால் பழகுவதுபோல.
இப்போது ஒவ்வொரு படியும் ஒவ்வோர் உயரம்,
அதுவும் இருட்டில்.

அவர் பேசத் தொடங்கினார்.
வா, வா, வந்துவிடு,
மிரண்ட குதிரையிடம் பேசுகிற குரலில்.
ஒரே விசையை இரண்டு தடவை, நான்கு தடவை.
ஒரே இருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள்.
பல்லைக் கடித்தார், முள் துள்ளியது.
கடைசியில்
"மன்னித்துக்கொள்" என்றார்
இயந்திரத்திடம்.

ஒயர்களைக் கழற்றியபோது
தோலில் வட்ட வட்டமாய்ச் சிவப்பு.
பசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"அது மெதுவா,
இல்லை, நான்தான் தப்பாக அழுத்தினேனா?"

சொல்லக் கூடாது என்பது விதி.
தெரியும்.
அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மூச்சு நின்றிருந்தது.
வலது தோள் ஏறுவதைக் கண்டேன்,
தொழில் பழக்கத்தில் எண்ணவும் செய்தேன்.
நான்கு. ஐந்து. ஆறு.
"சரியாகத்தான் அழுத்தினீர்கள்."

மூச்சு வந்தது.

ஜன்னல் வழியே பார்த்தேன்,
பனி மூடிய சாலையைக் கடக்க நின்றார்.
கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு வண்டியில்லை.
சிவப்பு மனிதன் எரிந்துகொண்டிருந்தான்.
கையுறையைக் கழற்றிக் கம்பத்துப் பொத்தானை அழுத்தினார்.
மறுபடியும்.
மறுபடியும்.

மேசையில் டெல்லர்வோவின் சீட்டு கிடந்தது:
நாளை வருபவருக்கு எட்டு வேண்டாம்,
பன்னிரண்டு.
உட்கார்ந்து எண்ணை மாற்றினேன்.
அதற்கு
ஒரு நொடிகூட ஆகவில்லை.